மறியல் பார்க்கப் போன வகுப்பு

மகளின் வெள்ளைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். தெருவில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கிட்ட வந்து, நின்று, தூரப் போனது. ஹனா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அப்போது அவள் தரம் பத்து.

“உம்மா, வாப்பாவக் கண்டா என்ன செல்ல?”

அயன் பெட்டி துணியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கருகல் வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் தூக்கினேன். சீருடையின் கை விளிம்பில் ஓரிடம் மஞ்சளாகப் பூத்திருந்தது.

“ஸலாம் செல்லு. வேறென்ன,” என்றேன்.

“நீங்க ஒண்டும் செல்லி அனுப்பல்லயா?”

“எனக்கு ஒண்டும் இல்ல.”

இருந்தது. ஒரு வருசத்துக்கும் மேலாக அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு நெஞ்சு நிறைய இருந்தது. அதை ஒரு பிள்ளையின் வாயில் கட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை. நான் போய்ச் சொல்ல வேண்டியதை இவள் போய்ச் சொல்வதா?

அந்தக் காலையில் எனக்கு வந்தது பயம் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு இலேசாக இருக்கும். பயம் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் பொறாமை. நான் பெற்ற பிள்ளை மேல், அவளுடைய ஈரத் தலை மேல், அவள் ஏறப்போகிற பஸ் மேல்.

ஒரு வாசகியின் கேள்வி

இரண்டு வாரமாக இந்தப் பத்திரிகையில் நான் தையல் மெஷின் வாங்கிய கதையையும், அபாயா தைத்துப் பழகியபோது ஊசி விரலில் ஏறிய கதையையும் எழுதிக்கொண்டிருந்தேன். திருக்கோவில் ஊரில் இருந்து ஒரு சகோதரி, வீட்டில் ஆண்பிள்ளை உழைக்கும்போது நீங்கள் ஏன் தைக்கப் போனீர்கள் என்று கேட்டிருந்தார். நேரான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். என் கணவர் மறியலில், சிறையில், இருந்தார்.

எங்கள் ஊரில் இது யாருக்கும் புதினமில்லை. சாய்ந்தமருதுக்கு வெளியே உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் வான் ஓட்டினவர். உம்றாவுக்கு மக்கா போகிறவர்கள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அழுதுகொண்டு ஏறி அழுதுகொண்டு இறங்குகிற குடும்பங்கள் எல்லாரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோவார், கொண்டுவருவார். ஒரு தடவை ஆட்களோடு ஒரு பார்சலும் வந்தது. வழியில் பொலிஸ் வானை மறித்தது. உள்ளே போதைத் தூள் இருந்தது. அவருக்குத் தெரியாமல் யாரோ வைத்துவிட்டார்கள் என்று நான் எல்லா வாசலிலும் போய்ச் சொன்னேன். கடைசியில் அவரே கோட்டில் நீதிபதிக்கு முன்னால் நின்று, தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

தீர்ப்புச் சொன்ன அன்று பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் கோட்டு விறாந்தையில் எங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விட்டார்கள். ஹனா என் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளட வீட்டுக்குத்தான் செஞ்சன்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாவின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். அவரும் எங்கள் பின்வளவில் ஹனாவின் வீட்டு அத்திவாரத்துக்கென்று கருங்கல் கொண்டுவந்து பறித்து வைத்திருந்தார். அதனால் அந்தச் சொல்லைக் கேட்ட எல்லாரும் நம்பினார்கள். பாவம், பெண் பிள்ளை பெற்றவன் என்றார்கள். நானும் நம்பினேன்.

மாமிக்கு மட்டும்

முதல் தடவை பார்க்கப் போகும்போது மாமியும் வந்தார். என் கணவரின் உம்மா. நிந்தவூரில் இருக்கிறார், பேச்சில் எப்போதும் ஒரு நறுக்கு இருக்கும். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி நெடுகக் கணவரிடம் என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். சவர்க்காரமும் பனியனும் கொண்ட பை என் மடியில்தான் இருந்தது.

பெயர் கொடுத்து விட்டுக் காத்திருந்தோம். உள்ளே போய் வந்த காவலர், உம்மா மட்டும் வரட்டுமாம் என்றார். நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து, நான் பொஞ்சாதி என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அந்த ஆள்தான் அப்படிச் சொன்னது தங்கச்சி, நாங்கள் என்ன செய்ய என்றார்.

பையை மாமி என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

மதிலோரமாக ஆட்கள் உட்கார ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் வீரமுனையில் இருந்து வந்த ஒரு அம்மா, தன் தம்பியைப் பார்க்க வந்தவர், தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். எதற்கு வெளியே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்கும் அவருக்கு நன்றி.

மாமி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நடையில் மட்டும் ஒரு நிமிர்வு. பஸ்ஸில் நான் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றாக வந்தது. மெலிந்துவிட்டான் என்றார் கல்முனை வரும்வரைக்கும். கல்முனை தாண்டிய பிறகு, நித்திரை வருதில்லையாம் என்றார். என் ஊர் இறக்கத்தில் நான் இறங்க எழும்பும்போது, “வேற கதையெல்லாம் பொறகு செல்றன் மகள்,” என்றார். வாய்க்குள் வைத்திருக்கும் இனிப்பைக் கரையாமல் பார்த்துக்கொள்வது போல வைத்திருந்தார். அந்த இரவெல்லாம் மாமியை நினைத்துத்தான் எனக்கு எரிந்தது. என் கணவரைப் பெற்றவர் என்ற நினைப்பே வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை போனேன். அதே வாங்கு, அதே பதில். பிறகு போவதை விட்டேன். மாமி போய் வந்தார். நான் சாமான் வாங்கிக் கொடுத்தேன்.

கூட்டம்

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஐஸ் என்ற போதைப்பொருளின் பேச்சு. பாடசாலையின் மேல் வகுப்புப் பையன் ஒருவன் மலசலகூடத்தில் வைத்துப் பிடிபட்டான். பெற்றோர் எல்லாருக்கும் நடுக்கம் பிடித்துவிட்டது. அதிபர் கூட்டம் போட்டு, தரம் பத்துப் பிள்ளைகளைச் சிறைச்சாலைக்கு வெளிக்களச் சுற்றுலா கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம், அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்ணால் பார்க்கட்டும் என்றார்.

ஒலுவில் துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிற ஜவாத் காக்கா முதலில் எழும்பினார். நல்ல யோசனை என்றார். அந்த இடத்தின் நாற்றத்தை ஒரு தடவை மூக்கில் வாங்கினால் பிள்ளைக்குச் சாகும்வரை பயம் போகாது, பயம்தான் மருந்து என்றார். பின்னால் இருந்து ஒரு தாய், மிருகக் காட்சிசாலை பார்க்கிற மாதிரிப் பார்ப்பதா, பிள்ளைகளுக்கு இரவில் கனவு வராதா என்று கேட்டார். பிறகு ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெண் பிள்ளைகளை விடலாமா, ஆண் பிள்ளைகள் மட்டும் போனால் போதாதா, சாப்பாடு எங்கே.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த சுமதி டீச்சர் பாண்டிருப்பு ஆள். கூட்டங்களில் வாய் திறக்காதவர். அன்று எழும்பி நின்றார்.

“பிள்ளையளப் பத்தித்தான் எல்லாரும் கதைக்கிறீங்க. அங்க இருக்கிற ஆக்களையும் ஒரு வார்த்தை கேட்டிட்டுப் போறதுதானே. அவங்களுக்கும் இந்த வயசில பிள்ளையள் இருக்கும்.”

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள், மேசையைப் பார்த்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதில் இருந்தே எல்லாரும் என்னைத்தான் நினைக்கிறார்கள் என்று விளங்கியது.

என் பிள்ளையை வைத்து நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் தலைக்குள் அப்போது வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஜவாத் காக்காவின் மகன் என் கணவரைப் பார்ப்பான். மருந்துக் கடைக்காரரின் மகள் பார்ப்பாள். அவருக்கு யாரென்றே தெரியாத இந்த நாற்பது பேரளவான பிள்ளைகளும் அந்தக் கதவால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும். அவரோடு வருசக்கணக்காக ஒரே பாயில் படுத்த நான் வீட்டில் இருந்து அபாயாவுக்குக் கை வைத்துத் தைப்பேன்.

எனக்கு இடமில்லாத பஸ்

வகுப்பாசிரியை அஸ்மா டீச்சர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். அக்கரைப்பற்று ஆள், முதல் நியமனம். கண்ணுக்குச் சுர்மா இட்டிருப்பார், சிரித்தால் கன்னம் குழியும். பிள்ளைகளுக்கு உயிர். ஹனாவுக்குப் போக விருப்பமில்லாவிட்டால் அன்று வீட்டில் நிற்கட்டும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஹனா அறைக்குள் இருந்து, “நான் போறன் டீச்சர்,” என்றாள்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிள்ளைகளோடு தாய்மாரும் இரண்டு பேர் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நானும் வரலாமா என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

டீச்சருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதிபர் சேர் அங்கே ஏற்கனவே கேட்டுவிட்டாராம். உள்ளே இருப்பவர்களின் மனைவிமார் பாடசாலைப் பயணத்தோடு வர முடியாதாம். மகள் மாணவியாக வரலாமாம்.

“அது சரிதான்,” என்றேன்.

டீச்சர் கோப்பையைக் கழுவி வைக்கப் போனார், நான் விடவில்லை. இந்த டீச்சர் பிள்ளை நாளைக்கோ மறுநாளோ கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கதவால் நடந்து போகும், அவர் இதன் சுர்மா போட்ட கண்ணைப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே கோப்பையைத் தேய்த்தேன்.

போகிற அன்று பஸ் சந்தியில் இருந்து கிளம்பும்போது பிள்ளைகள் கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். மறியலுக்குப் போகிற பஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசலில் நின்று பார்த்தேன். ஹனா ஜன்னலோரம் இருந்தாள். பாடவில்லை.

அன்றைக்குத் தைத்த அபாயாவுக்கு இரண்டு கையையும் உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பவும் தைத்தேன்.

அவளுடைய கை

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஆகும்போது வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன்.

“கண்டன்,” என்றாள்.

“கதைச்சாரா?”

“எல்லாருக்கும் கதைச்சார்.”

“என்ன கதைச்சார்?”

“எனக்கு நித்திரை வருது உம்மா.”

சீருடையோடேயே படுத்துவிட்டாள். அப்படி ஒரு நித்திரையை அவளிடம் நான் நெடுநாளாகக் காணவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூங்குவதைப் போல. பக்கத்தில் இருந்தேன். அவளுடைய வலது கையை மெதுவாகத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். மதியச் சோற்றுப் பார்சலின் கறி வாசம். அதற்குள்ளே எங்கள் வீட்டில் பாவிக்காத ஒரு சவர்க்காரத்தின் வாசம், ஆஸ்பத்திரியில் வருவது போல. அவர் இந்தக் கையைப் பிடித்திருக்கிறார்.

அந்தக் கையைத் திரும்பப் பாயில் வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எழும்பிய பிறகு திரும்பவும் கேட்டேன். மாமியிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன், இப்போது மகளிடம். அவள் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்.

“வாப்பா உங்களுக்குச் செல்லச் செல்லல்ல.”

“செல்ல வேணாம் எண்டு சென்னாரா?”

“அதுவும் செல்லல்ல.” கொஞ்சம் யோசித்தாள். “அது அவர்தான் உங்களுக்குச் செல்லணும் உம்மா. நான் செல்லக் கூடா.”

அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அஸ்மா டீச்சர் கொண்டுவந்தது

மறுநாள் அஸ்மா டீச்சர் வந்தார். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

அவர் சொன்னது இது. நீளமான ஒரு மண்டபம். பிள்ளைகளை வாங்குகளில் இருத்தினார்கள். கைதிகளை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் காற்சட்டை போட்ட பெரிய பெரிய ஆண்களைக் கண்டதும் பிள்ளைகளில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் கண்ணைக் காட்டி அடக்கினார். முதலில் ஒருவர் வந்து பாடமாக்கியதை ஒப்புவித்தார். தூளைத் தொடாதீர்கள், தாய் தகப்பன் சொல்லைக் கேளுங்கள் என்று. பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டாவது ஆளாக என் கணவர் வந்தார். ஒரு பாடசாலை வருகிறது, நீ நன்றாகக் கதைப்பாய், கதை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பாடசாலை என்று அவருக்குத் தெரியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்து ஸலாம் சொன்னார். தலையை நிமிர்த்தினார். சீருடையின் சின்னத்தைக் கண்டார். பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். ஹனாவில் வந்து கண் நின்றது.

பக்கத்தில் நின்ற அதிகாரி தோளைத் தொட்டிருக்கிறார்.

“இஞ்ச என்ட மகள் இரிக்கா,” என்றார். “பாடமாக்கித் தந்தத எனக்குக் கதைக்க ஏலா.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அஸ்மா டீச்சர் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். நாற்பது பிள்ளைகளும் அப்படியே சொல்லும் என்றார்.

“புள்ளட வீட்டுக்குத்தான் இதச் செஞ்சன் எண்டு கோட்டில வெச்சு என்ட வாயால சென்னன். அவ பக்கத்தில நிண்டா. அது பொய். அவக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என்ட மச்சான் பெரிய ஆள். எங்கட வீட்டுக்குள்ளயும் அவர்தான் பெரிய ஆள். அதப் பாத்துப் பாத்து எனக்கு எரிஞ்ச. நானும் ஒரு ஆள் எண்டு காட்ட ஆசப்பட்டன். அவ்வளவுதான் புள்ளையள்.”

ஹனா முதலில் நேராக இருந்தாளாம். பிறகு குனிந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி அவரை ஒரு கொஞ்ச நேரம் கிட்டப் போக விட்டார். அவர் அவளுடைய கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். அது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

சொல்லி முடிக்கும்போது டீச்சர் பர்தாவின் நுனியால் கண்ணைத் துடைத்தார். சுர்மா கலைந்து கன்னத்தில் இழுபட்டது. என் கணவரின் சொல்லுக்கு இவர் அழுகிறார், நான் அதை இவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஓடியது. அழுகை எனக்கு வரவில்லை.

பச்சை கேற்

அவர் சொன்ன மச்சான் என் காக்கா, எனக்கு மூத்த சகோதரர். கல்முனைப் பஸாரில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். எங்கள் வாப்பா மௌத்தாகி அடக்கிய பிறகு எங்களுக்கு அவர்தான் எல்லாம். எதிர் வளவில் இருந்தார். காலையில் எங்கள் வீட்டுக்குள் வருவார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார், கிணற்றுக்கு மூடி போடவேண்டும் என்பார், மறுநாள் ஆள் வந்து போட்டுவிட்டுப் போகும். எனக்கு அது அருமையாக இருந்தது.

ஒரு பெருநாளைக்கு முன்னால் வீட்டு வாசல் கேற்றுக்கு மண்ணிறம் அடிக்கவேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சுத் தகரமும் வாங்கி வைத்திருந்தார். விமான நிலைய ஓட்டம் ஒன்று வந்து போய்விட்டார். அதற்குள் காக்கா தன் வீட்டுக்கு அடிக்க வந்த ஆளை எங்கள் வீட்டுக்கும் அனுப்பி, சகோதரங்களின் வீடெல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும் என்று பச்சை அடித்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றேன். வானை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. கேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வடிவா இரிக்கு என்ன?” என்றேன்.

“ஓம்,” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அஸ்மா டீச்சர் போன பிறகு அந்த ஓம் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த மனிதன் இத்தனை வருசம் எரிந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஒரு புகைகூடத் தெரியவில்லை. தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, எல்லாவற்றையும் எழுது, கேற்றை மட்டும் எழுதாதே, காக்காவும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறார் என்றார் என் கணவர். வாசிக்கட்டும்.

சரியா, பிழையா

அந்தப் பயணம் போனது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். ஹனா சம்மதித்ததால்தான் இதைச் சொல்கிறேன். கோட்டு விறாந்தையில் அந்தச் சொல்லைக் கேட்ட நாளில் இருந்து அவள் பின்வளவுக் கருங்கல் குவியலுக்குக் கிட்டப் போவதில்லை. கிணற்றடிக்குப் போகவும் சுற்றித்தான் போவாள். கல்யாணப் பேச்சை யாராவது விளையாட்டாக எடுத்தாலும் எழும்பிப் போய்விடுவாள். தன் வீட்டுக்காகத்தான் வாப்பா உள்ளே போனார் என்று அந்தப் பிள்ளை ஒரு வருசமாகத் தனியே சுமந்திருக்கிறது. எனக்கு அதுவும் தெரியவில்லை. பயணம் போய் வந்த அந்தக் கிழமையே அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லின் மேல் இருந்து படித்ததைக் கண்டேன்.

ஆனால் அதே வகுப்பில் இன்னொரு பெண் பிள்ளை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கதவு மூடுகிற சத்தம் காதிலேயே நிற்கிறது என்றதாம். தாய் பாடசாலைக்கு வந்து சத்தம் போட்டார். ஜவாத் காக்காவுக்கும் மனவருத்தம். அவருடைய மகன் வீட்டுக்கு வந்து, அங்கே இருக்கிறவர்களும் எங்களைப் போலத்தான் வாப்பா இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டானாம். பயம் வரும் என்று அனுப்பிய பிள்ளை.

அடுத்த வருசம் அதிபர் சேர் என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் பிள்ளைகளை அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்டார். நான் சுமதி டீச்சர் சொன்னதைத்தான் சொன்னேன். உள்ளே இருக்கிற ஆளுக்குச் சொல்லாமல் அவருடைய பிள்ளையைக் கொண்டுபோய் முன்னால் இருத்தியது சரியில்லை சேர் என்றேன். என் கணவர் அங்கே அந்த வார்த்தையைச் சொன்னது பாடசாலை போட்ட திட்டத்தில் இருக்கவில்லை. அவர் பாடமாக்கியதையே ஒப்புவித்துவிட்டுப் போயிருந்தால் என் மகள் இன்றைக்கும் அந்தக் கல்லைச் சுற்றித்தான் நடந்திருப்பாள், அதோடு தன் வாப்பாவைப் பார்த்து வகுப்புப் பிள்ளைகள் சிரித்ததையும் சேர்த்துச் சுமந்திருப்பாள். சேர் தலையை ஆட்டினார். அந்த வருசம் பிள்ளைகளை ஒலுவிலுக்குத் துறைமுகம் பார்க்கக் கூட்டிப்போனார்கள்.

நான் போன நாள்

பயணம் முடிந்து அடுத்து வந்த பார்வை நாளுக்கு நான் போனேன். நான் போவதாக மாமிக்கு முதல் நாளே சொல்லி அனுப்பினேன். அவர் காலையிலேயே பையோடு வந்து நின்றார்.

“இண்டைக்கு நான் மட்டும் போறன் மாமி,” என்றேன்.

“ஒன்னக் காண மாட்டன் எண்டு செல்வான் புள்ள. வீணா அலைவாய்.”

“செல்லட்டும்.”

மாமி பையை என்னிடம் தந்துவிட்டு வாசலில் நின்றார். அவருடைய முகத்தில் நான் கண்டது எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஒரு வருசமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான். அன்றைக்கு முதல் தடவையாக அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. உள்ளே போய் இருங்கள், சோறு இருக்கிறது, ஹனா வருவாள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பெயர் கொடுத்தேன். அதே காவலர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே போனார். மதிலோர வாங்கில் நான் இருக்கவில்லை. நின்றேன். இன்றைக்கும் இல்லை என்றால் கேட்பவர்கள் கேட்கட்டும், இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

காவலர் வந்து, வாங்க தங்கச்சி என்றார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். மெலிந்திருந்தார். அது மாமி சொன்னதுதான். தாடி நரைத்திருந்தது. அதை மாமியும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை, அஸ்மா டீச்சரும் சொல்லவில்லை. அதை நானே கண்டேன்.

அவர் வலையைப் பார்த்தார், என் கையில் இருந்த பையைப் பார்த்தார். என் முகத்துக்கு வர அவருக்கு நேரம் எடுத்தது. பக்கத்து ஆட்களின் சத்தம் பெரிதாக இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை வலைக்குள் விரலைவிட்டு அழுதுகொண்டிருந்தது.

“ஒனக்கிட்டப் பொய் செல்லிட்டு ஒன்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலாமப் போயிட்டு,” என்றார்.

“கேள்விப்பட்டன்,” என்றேன். “ஊரே செல்லுது.”

தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, எல்லா வாப்பாமாரும் கேட்பதைக் கேட்டார்.

“ஹனா எப்பிடி இரிக்கா?”

நல்லா இரிக்கா என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கினேன். நேரம் கொஞ்சம்தான் தந்திருந்தார்கள். காவலர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளயப் பத்திப் பொறகு கதைப்பம்,” என்றேன். “முதல்ல என்னக் கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். வலையில் விரலை வைத்தார்.

“நீ எப்பிடி இரிக்காய்?”

எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.